கொத்தனார் கூலி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியோ சுற்றி முழுப்பரீட்சை லீவுக்கு வந்துவிடுகிறது. கிணற்றில் குதித்தது, மாங்காய் திருடியது, அம்மாயி ஊரில் போய் ஒரு மாதம் கிடந்தது. போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் தலைக்குச் சாயம் போட்டவர்கள், மீதிப் பேர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவர்கள். என் முறை வந்தது. "அஞ்சாவது லீவுல நான் பெரம்பலூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல இருந்தேன்" என்றேன். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அது கட்டி முடியாத மண்டபம். கூரை போட்டாகிவிட்டது, செங்கல் வேலை முடிந்துவிட்டது, பூச்சு வேலை மட்டும் பாக்கி. சென்னை–திருச்சி ரோட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. டவுனைச் சுற்றிலும் யாராவது எதையாவது கட்டிக்கொண்டேயிருந்தார்கள்.

எங்கள் ஊர் செந்துறைப் பக்கம். மானாவாரி பூமி, சொந்த நிலம் கிடையாது. அப்பா கொத்தனார். அம்மா அவருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே சாரத்தில்தான், அவர் மேலே, அவள் கீழே. சனிக்கிழமை சாயங்காலம் இருவருக்கும் கூலி வரும். அம்மாவுடையது அப்பாவுடையதில் பாதிகூட இருக்காது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான், எல்லா வேலையிலும் அப்படித்தான்.

ஆனால் அம்மாவுக்குக் கொத்து வேலை தெரியும். அப்பா பீடி பிடிக்க இறங்கும்போது பூசுகிற கரணையை அவள் கையில் கொடுத்துவிட்டு வருவார். அவள் அந்த நேரத்தில் இரண்டு வரி செங்கல் வைத்துவிடுவாள், இல்லாவிட்டால் ஒரு மூலையைப் பூசிவிடுவாள். முதலில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு அப்பா பீடி பிடிக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. மேஸ்திரி வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா கரணையை வைத்துவிட்டுக் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொள்வாள்.

அந்த வருஷம் மாசி மாதம் அரியலூரில் ஒரு வீட்டு வேலையில் சாரம் முறிந்து அப்பா விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கட்டுப் பிரித்தபோது கை பார்ப்பதற்குக் கைபோலத்தான் இருந்தது, பிடிதான் இல்லை. காப்பித் தம்ளரைக்கூட இடது கையால் தாங்கிக்கொள்வார். சாயங்காலங்களில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கிப் பார்ப்பார். அது என்னுடைய பந்து. அதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் மேஸ்திரி வந்தார். சின்ன வயதில் அப்பாவிடம் கையாளாக இருந்து மேலே வந்தவர். அப்பாவை அண்ணே என்றும் அம்மாவை அண்ணி என்றும்தான் கூப்பிடுவார்.

"அண்ணே, பெரம்பலூர்ல ஒரு மண்டபம் எடுத்துருக்கேன். வைகாசி மொத முகூர்த்தத்துக்கு முடிச்சுக் குடுக்கணும். பூச்சு வேல அவ்வளவும் அப்புடியே கெடக்கு."

அப்பா கையைத் தூக்கிக் காட்டினார்.

"தெரியும்ண்ணே. அண்ணி கை இருக்குல்ல. நான் வண்டிய நிறுத்துறதுக்குள்ள கரண கை மாறுறது எனக்குத் தெரியாதா?"

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அப்ப எனக்குக் கொத்தனார் கூலி போடுவீங்களா, தம்பி?"

மேஸ்திரி அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பொம்பளைக்குக் கொத்தனார் கூலின்னா மண்டபத்துக்காரரு ஒத்துக்க மாட்டாருண்ணே. மத்த கொத்தனாருங்களும் சும்மா இருக்க மாட்டாங்க. நீங்க வந்து ஒக்காந்துக்கங்க, அது போதும். ஒங்க பேரு, ஒங்க கூலி. அண்ணி வேலையப் பாக்கட்டும். யாருக்கும் நட்டமில்ல."

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். இப்போது யோசித்தாலும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓட்டு வீட்டின் இருட்டில் எங்கள் மூவருக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. அரிசிப் பானையின் அடி தெரிந்துகொண்டிருந்த நேரம்.

பரீட்சை முடிந்த மறுநாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பகலில் உள்ளே நிற்க முடியாது. மற்ற ஆட்கள் பக்கத்து ஊர்களிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார்கள். அவர்கள் போனபிறகு அவ்வளவு பெரிய கட்டடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். நான் ஹாலின் ஒரு கோடியில் நின்று என் பெயரைச் சொல்வேன். அது மறு கோடிக்குப் போய்த் திரும்பி வரும். விளையாட வேறு பிள்ளைகள் இல்லை. ஆற்று மணலில் கிடக்கும் சிப்பிகளைப் பொறுக்குவேன். நிறத்துக்கு ஒரு குவியலாகப் பிரித்து வைப்பேன். அடுத்த லோடு மணல் கொட்டும்போது எல்லாம் அதற்குள் போய்விடும்.

அப்பாவுக்கு மேடைக்கு எதிரே இடம். சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வலது கை மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிடுவார். மடியில் ரசமட்டம். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு குமிழி ஓடும். மரச்சட்டத்தில் பொருத்திய அந்தக் கண்ணாடிக் குழாயைப் போல் அழகான பொருளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அது எங்கே போனதென்று பிற்பாடு எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை. அப்பா அதை முழங்காலில் வைத்துக்கொண்டு குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவார். காலை அசைப்பார், அது ஓடிவிடும். மறுபடி கொண்டுவருவார். பகல் முழுவதும் அதுதான் வேலை.

அவர் பெரிய ஆள் ஆகிவிட்டார் என்று நான் நினைத்தேன். எல்லோரும் வியர்வை வழிய நிற்கும்போது அவர் மட்டும் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கிறார், டீ வந்தால் முதல் தம்ளர் அவருக்கு, கூலி கொடுக்கும்போது முதல் பெயர் அவர் பெயர். அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மா பூசுவதை நானும் மேற்பார்வை பார்ப்பேன். "கொஞ்சம் எடப்பக்கம்" என்று அப்பா எப்போதாவது குரல் கொடுப்பார். அம்மா ஏற்கெனவே இடது பக்கம் போயிருப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொத்தனார்கள் மணமகள் அறைக்குள் போய்விடுவார்கள். அங்கே தரை போட்டிருந்தது, குளிர்ச்சியாக இருக்கும். அப்பாவும் அங்கேதான் சாப்பிடுவார், அவர் கொத்தனாரல்லவா. சித்தாள்கள் வெளியே பூவரச மரத்தடியில் வட்டமாக உட்கார்வார்கள். அம்மா முதல் நாள் மரத்தடிக்குத்தான் போனாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு சித்தாள் இடம் விட்டு நகர்ந்து, "இங்க மண்ணா இருக்கு, ஒங்களுக்குச் சரிப்படாது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். காலையில் அவள்தான் அம்மாவுக்குக் கலவை சுமந்து கொடுத்தவள். மறுநாளிலிருந்து அம்மா மாடிப்படித் திருப்பத்தில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். அந்த இடம் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. நான் பாதிச் சோற்றை அம்மாவோடும் பாதியை அப்பாவோடும் சாப்பிடுவேன். எந்த இடத்திலும் யாரும் யாரைப் பற்றியும் என்னிடம் கேட்கவில்லை.

சிமெண்டு அம்மாவின் விரல்களைத் தின்றுவிட்டிருந்தது. நுனிகளில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். புளிக்குழம்பு எரியும் என்று மோர் மட்டும் ஊற்றிக்கொள்வாள். தேங்காயெண்ணெயை நான்தான் தடவிவிடுவேன். இன்றைக்கு ரேஷன் கடை மெஷினில் அவளுக்கு ரேகை விழுவதில்லை. கடைக்காரப் பையன் துணியால் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்கிறான். அவளும் வைத்து வைத்துப் பார்க்கிறாள்.

ஒரு நாள் மண்டபத்துக்காரர் வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தவர் சாரத்தைப் பார்த்து நின்றார்.

"என்ன கொத்தனாரே, பொம்பளைய ஏத்திவிட்டுட்டு நீங்க ஒக்காந்துருக்கீங்க?"

அப்பா எழுந்து நின்றார். துண்டு நழுவாமல் பிடித்துக்கொண்டார். "கை கொஞ்சம் சொகமில்லீங்க. சொல்லிக்குடுத்துச் செய்ய வைக்கிறேனுங்க."

மண்டபத்துக்காரர் சுவர் அருகே போய்க் கையால் தடவினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா வழுவழுன்னு வந்துருக்கு. என்ன இருந்தாலும் ஒங்க கைவாகு" என்றார்.

"எல்லாம் ஒங்க ஆசீர்வாதமுங்க" என்றார் அப்பா.

அம்மா மேலே நின்றுகொண்டு கேட்டாள். திரும்பவில்லை. கரணை சுவரில் உரசும் சத்தம் மட்டும் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. அன்றைக்கு அப்பாவின் முகத்தில் பெருமைதான் இருந்தது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் எழுந்தபோது ரசமட்டம் கீழே விழப் பார்த்ததும், அதை அவர் வலது கையால் பிடிக்கப்போய் முடியாமல் முழங்காலால் தடுத்ததும்தான் நினைவில் நிற்கின்றன.

சித்திரை பாதியில் செந்துறைக்கு அந்தப் பக்கமிருந்து சாவுச் செய்தி வந்தது. அப்பாவின் பெரியப்பா. அப்பா புதன்கிழமை சாயங்காலமே பஸ் ஏறினார். அம்மாவையும் கூப்பிட்டார். மேஸ்திரி குறுக்கே வந்து, "அண்ணி இல்லாட்டி மேடைச் செவுரு நின்னுபோயிரும்ண்ணே, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார்.

அந்த வியாழனும் வெள்ளியும் அம்மா வேறு ஆளாக இருந்தாள். கீழே சாக்கு காலியாகக் கிடந்தது. அதில் தெருநாய் ஒன்று வந்து படுத்துக்கொண்டது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு மேடையின் பின்சுவரை மேலிருந்து பூசி இறக்கினாள். எதையோ முணுமுணுத்தபடி வேலை செய்தாள். பாட்டா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். என்னை மேலே ஏறச் சொல்லி, சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு நூலைப் பிடிக்கச் சொன்னாள். "ஆடாமப் புடி, பாப்பா. நீ ஆடுனா செவுரு ஆடும்" என்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் ஓட்டை வழியாக அந்தச் சுவரில் விழுந்தபோது பூசியவரைக்கும் ஒரு மேடு பள்ளம் தெரியவில்லை. சின்னக் குளம் நிற்பதுபோல ஈரமாக நின்றது. அம்மா கீழே இறங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கூடப் பார்ப்பதற்கு நானும் நாயும்தான் இருந்தோம்.

அப்பா பால் தெளிக்கிற சடங்கு வரைக்கும் இருந்துவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் வந்தார். மொட்டைத்தலை வெயிலில் பளபளத்தது. வந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு சாக்கில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் கூலி. எல்லோரும் ஹால் வாசலில் நின்றார்கள். மேஸ்திரி முதலில் அப்பா பெயரைச் சொன்னார். அப்பா இடது கையால் வாங்கினார். மடிப்பின் கனத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்தார். பின்னால் நின்றிருந்த அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

"என்ன தம்பி, கொறையுது?"

"அண்ணே ரெண்டு நாளு இல்லீங்களே அண்ணி. அந்த ரெண்டு நாளுக்கு ஒங்களுக்குச் சித்தாள் கூலி போட்டுச் சேத்துருக்கேன்."

"நான் சித்தாள் வேலையா செஞ்சேன்?"

"இல்லதான்."

"புதன்கெழம என்ன செஞ்சேனோ அதத்தானே வெள்ளிக்கெழமயும் செஞ்சேன். அதே செவுரு, அதே கை."

"அண்ணி, நான் என்ன பண்றது? கொத்தனாரு பேர்லதான கூலி. கொத்தனாரு வரல. அவரு இல்லாத நாளுக்கு நான் எப்புடிக் கணக்குச் சொல்லுவேன்?"

"அவரு இருந்த நாள்ல மட்டும் என்ன செஞ்சாரு, மேஸ்திரி?"

அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிடாமல் மேஸ்திரி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரல் உயரவில்லை. சாதாரணமாக, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். கொத்தனார்களில் ஒருவர் சிரித்தார். சித்தாள்கள் பக்கம் யாரோ "ஆத்தாடி" என்றார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பெயரைச் சொன்னார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். அம்மாவின் கையைப் பிடித்து அதில் வைத்தார். அதுவரை கூலியை அவர்தான் வைத்திருப்பார், அம்மா கேட்டு வாங்குவாள். பிறகு ரோட்டுப் பக்கம் நடந்து போனார். அந்த வெள்ளைச் சட்டை பஸ்களுக்கு நடுவில் தெரிந்து தெரிந்து மறைந்தது.

தன் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்ல அம்மாவுக்கு வேறு வார்த்தை இருக்கவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் அது அப்பா மேல்தான் விழுந்திருக்கும். அவளுக்கு முப்பத்தைந்து ஆகியிராத வயது அப்போது. அந்த வயதைத் தாண்டி வந்த நான், அந்த இடத்தில் அவள் என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

இருட்டுவதற்குள் அப்பா திரும்பி வந்துவிட்டார். எனக்கு ஒரு பொட்டலம் காராபூந்தி வாங்கி வந்திருந்தார். மறுநாள் காலை இரண்டு சட்டைகளைப் பையில் வைத்தார்.

"ரெட்டிபாளையத்துல ஒரு வேல இருக்குன்னாங்க. பாத்துட்டு வரேன்."

"கைய வச்சுக்கிட்டு என்ன வேல?"

"அதுக்குக் கை வேணாம்."

நான் ரோடு வரைக்கும் கூடப் போனேன். அப்பா அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையை வெளியே நீட்டி என் தலையைத் தொட்டார். பஸ் நகர்ந்ததும் கையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அம்மா புடவைத் துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு சித்தாள்கள் வரிசையில் போய் நின்றாள். மேஸ்திரி ஓடி வந்தார்.

"என்ன அண்ணி, மேல ஏறலயா?"

"அவரு வரல. அவரு வராட்டி நான் சித்தாளுதான? அத நீங்கதான சொன்னீங்க."

"சித்தாள் கூலிக்கு மேல கொஞ்சம் போட்டுத் தரேன் அண்ணி. கொத்தனாருக்குக் கீழ, சித்தாளுக்கு மேல. அரைச் செவுரா நிக்கிது பாருங்க."

"அந்தக் கூலிக்கு என்ன பேரு?"

மேஸ்திரி உண்மையிலேயே யோசித்தார். அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு கலவைக் குவியலுக்குப் போய்விட்டாள்.

வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் என் மனதின் ஒரு பக்கம் சொல்கிறது. அப்பா இல்லை, கொட்டகையில் அரிசி இல்லை. அந்த இடைக்கூலி எங்களுக்குப் பெரிய காசு. திமிர் பிடித்தவள் என்று கொத்தனார்கள் பேசிக்கொண்டார்கள். அப்பாவை விரட்டிவிட்டாள் என்று சித்தாள்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டையும் என் காதுபடவே பேசினார்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற தைரியம்.

அந்த வாரமே துறையூர்ப் பக்கமிருந்து புதுக் கொத்தனார் வந்தார். இளவயது. அம்மா விட்ட இடத்திலிருந்து பூச ஆரம்பித்தார். "ஏம்மா, கலவ" என்று மேலிருந்து கை நீட்டுவார். அம்மா கொடுப்பாள். ஒரு தடவைகூட அவர் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டியைக் கொடுத்துவிட்டு, அடுத்த சட்டிக்குத் திரும்பும்போது சுவரை ஒரு முறை பார்ப்பாள், அவ்வளவுதான்.

மத்தியானம் மறுபடி பூவரச மரத்தடிக்குப் போனாள். மேலே இருந்தவள் கீழே வந்ததும் சித்தாள்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மணல் சலிக்கும் அக்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு, கோபமோ கேலியோ இல்லாமல் சொன்னாள்.

"எனக்கும் கொஞ்சம் பூசத் தெரியும்க்கா. வூட்டுக்காரரு இருந்தப்பக் கத்துக்கிட்டது. ஒங்களுக்காச்சும் கொண்டாந்து ஒக்கார வைக்க ஒரு ஆளு இருந்துச்சு. நான் யார ஒக்கார வைப்பேன்?"

அம்மா கையிலிருந்த சோற்று உருண்டையை வாளிக்குள் திரும்ப வைத்தாள். அந்த அக்கா தன் மாங்காய் ஊறுகாயைக் கொஞ்சம் எடுத்து அம்மாவின் சோற்று ஓரத்தில் வைத்தாள். அம்மா விரல் எரிய எரிய அதைத் தொட்டுச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

வைகாசி பிறப்பதற்குள் வேலை முடிந்தது. அதன்பிறகு அம்மா எந்தச் சாரத்திலும் ஏறியதில்லை. உடம்பு இடம் கொடுத்தவரை சித்தாளாகவே இருந்தாள். கூப்பிட்டுக் கேட்டவர்கள் உண்டு. 'என்ன கூலி' என்று மட்டும் கேட்பாள், பதிலைக் கேட்டுவிட்டு வந்துவிடுவாள்.

பெரம்பலூரிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் அரியலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ரெட்டிபாளையம் போனோம். அப்பா அங்கே சேர்ந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார், வரவில்லை. சிமெண்டு பேக்டரிக்குப் போகும் ரோட்டில் யாரோ ஒரு தனியார் லாரி ஷெட். வேலி மரங்களெல்லாம் இலை தெரியாமல் வெள்ளையாக நின்றன. இரும்பு கேட், அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா. மொட்டைத்தலையில் முடி முளைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, அம்மாவிடம் நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காரு. வெயில்ல வந்துருக்க."

அம்மா முதலில் மறுத்தாள், பிறகு உட்கார்ந்தாள். அப்பா பானையிலிருந்து தண்ணீர் மொண்டு இருவருக்கும் கொடுத்தார். வேலை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றாள். மேடைச் சுவரை யார் முடித்தார்கள் என்று கேட்டார். சொன்னாள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டுட்ட" என்றார் அப்பா.

"ஒங்கள முன்னாடி வச்சாத்தானே குடுக்குறாங்க. ஒங்களுக்குப் பின்னாடி நின்னு கேட்டா யாரு குடுப்பா?"

அப்பா பானையை மூடி வைத்தார். "அதே செவுருன்னு நான் சொல்லிருக்கணும். எனக்கு வாய் வரல."

அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியதா என்று பார்க்க நான் நிமிர்ந்தேன். அவள் கேட்டை எடை போடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன குடுக்குறாங்க?"

அப்பா சொன்னார். கொத்தனார் கூலி அளவுக்கு இல்லை. ஆனால் அம்மா வாங்கிக்கொண்டிருந்த சித்தாள் கூலியைவிட அதிகம்.

"ஒக்காந்துருக்கிறதுக்கா?"

"கேட்டத் தெறக்கணும், மூடணும்."

அம்மா சிரித்தாள். அந்த லீவு முழுவதிலும் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அப்பா முதலில் விழித்தார், அப்புறம் அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அழாமல் சிரிக்கிறார்களே என்றிருந்தது.

அப்போது ரோட்டில் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அப்பா கேட்டின் மேல் தோளைக் கொடுத்து முட்டினார். அது கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. அம்மா எழுந்து போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தள்ளினாள். கேட் கிறீச்சிட்டுக்கொண்டு முழுவதும் திறந்தது. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே போனது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சுவரோரம் ஒதுங்கி நின்ற அப்பாவைப் பார்த்து, "தேங்ஸுண்ணே" என்று கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

அம்மா கேட்டை இழுத்து மூடிக் கொண்டியைப் போட்டாள். புழுதி அடங்கும்வரை மூன்று பேரும் நின்றோம். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அப்பா நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.